ஒரு கிலோ மிளகும் இரண்டு ஹமீர்பூரும்

தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலையில் மிளகுக்கொடிக்குத் தனியாகப் பந்தல் போடுவதில்லை. காபிச் செடிக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு அதுவே ஏறிவிடுகிறது. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கியதும் ஏணியைச் சாய்த்துப் பறிக்கிறார்கள். பறித்த சரங்களைக் குவித்துக் காலால் மிதித்து மணிகளை உதிர்ப்பார்கள். பிறகு தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காய வைப்பார்கள். பச்சை நிறம் முதல் நாளே மங்கிவிடும். அடுத்தடுத்த நாட்களில் தோல் கறுத்து, சுருங்கி, கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் கேட்கும். முறத்தில் போட்டுப் புடைத்தால் காம்பும் சண்டும் பறந்து மணி மட்டும் நிற்கும்.

அப்படிப் புடைத்த மிளகில் ஒரு கிலோவை மலைமேல் பெரியூரில் ஒரு வீட்டில் வாங்கினேன். ஹமீர்பூரில் ஆசிரியராக இருக்கும் என் தோழிக்கு அனுப்புவதற்காக. திருமணமாகி இமாச்சலப் பிரதேசத்துக்குப் போனவள் அவள். குளிர்காலத்தில் ரசத்துக்கு நம் ஊர் மிளகு வேண்டுமென்று கேட்டிருந்தாள். அந்தப் பொட்டலம் போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். போகிற வழியெல்லாம் ஒரே பெயரைச் சுமந்த ஊர்கள் குறுக்கே வந்துகொண்டே இருந்தன.

முதல் ஊர் அந்த வீட்டு வாசலிலேயே வந்துவிட்டது. அனுப்புநர் முகவரியாக அவர்கள் வீட்டையே போடலாமா என்று கேட்டேன். அடுத்த முறை தோழி நேரடியாக எழுதி வாங்கிக்கொள்வாள் என்ற எண்ணம். “போடும்மா. ஆனா பெரியூர்னு மட்டும் போட்டா வராது. வத்தல்மலைன்னு சேத்துப் போடு, தர்மபுரின்னும் போடு” என்றார் அந்த அக்கா. அவர் சொன்னது சரிதான். திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையிலும் ஒரு பெரியூர் இருக்கிறது. அதுவும் மலைக்கிராமம், அங்கேயும் காபி விளைகிறது. வத்தல்மலையின் மற்ற ஊர்களில் சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றியங்காடு போன்ற பெயர்களை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது. நாயக்கனூரோ தமிழ்நாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும். ஆகவே ஊர்ப் பெயருக்குப் பின்னால் மலையின் பெயர், அதற்குப் பின்னால் மாவட்டத்தின் பெயர். இந்த வரிசையில்தான் ஒரு வீடு உலகத்துக்கு அடையாளப்படுகிறது.

மலையிலிருந்து தர்மபுரி நகரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 3,000 அடிக்கு மேலிருந்து இறங்கும் சாலையில் 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். தார்ச்சாலை வந்து நெடுங்காலம் ஆகவில்லை. அதற்கு முன் மூட்டைகளைக் கழுதை மீதும் தலையிலும் சுமந்துதான் இறக்கினார்கள். 2021-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மலைக்கு வந்து மக்களைச் சந்தித்தார். அரசுப் பேருந்து ஏறியது அதற்குப் பிறகுதான். பேருந்து வந்ததை அங்குள்ள பெரியவர்கள் இன்றும் ஒரு திருவிழாவைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். அந்தச் சாலைக்கு அவர்கள் காத்திருந்த காலத்தை நினைத்தால் அது இயல்புதான் என்று தோன்றுகிறது.

பொட்டலம் அந்தப் பேருந்தில்தான் இறங்கியது.

முகவரியில் ‘தர்மபுரி’ என்று எழுதுகிறோமே, அந்தப் பெயர் வத்தல்மலையோடு ஒட்டிக்கொண்டது 1965-ல். அந்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. அதுவரை மலைமேல் இருந்தவர்கள் சேலம் மாவட்டத்துக்காரர்கள். இன்னும் பின்னால் போனால், 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகாலின் ஒரு பகுதி இந்தச் சீமை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அந்தப் பாராமகாலில்தான் நிலவரிக் கணக்கைக் கற்றுக்கொண்டார்கள். அதற்கும் நெடுங்காலம் முன்பு அதியமான்கள் ஆண்டபோது இந்த ஊர் தகடூர். 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்து போனது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தான் பிறந்த வீட்டை விட்டு நகராமலேயே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்.

‘தர்மபுரி’ என்ற பெயரும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. தெலங்கானாவில் ஜகித்யால் மாவட்டத்தில், கோதாவரிக் கரையில், லட்சுமி நரசிம்மர் கோயிலோடு ஒரு தர்மபுரி இருக்கிறது. 2016-ல் தெலங்கானா தன் மாவட்டங்களைத் திருத்தி அமைக்கும்வரை அது கரீம்நகர் மாவட்டத்தில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் ஒரு தரம்புரி. இமாச்சலத்திலும் குஜராத்திலும் தரம்பூர்கள். தர்மத்தின் பெயரால் ஊர் அமைய வேண்டும் என்ற ஆசை எல்லா மொழிக்காரர்களுக்கும் இருந்திருக்கிறது.

தர்மபுரித் தலைமை அஞ்சலகத்தில் கவுண்டரில் இருந்த பெண் பொட்டலத்தை எடை போட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “எந்த ஹமீர்பூருங்க? பின்கோடு சொல்லுங்க.”

177001 என்றேன். அவர் ஆறு எண்களைத் தட்டியதும் திரையில் மாநிலத்தின் பெயர் தானாக வந்து நின்றது. நான் கையால் எழுதியிருந்த ‘ஹமீர்பூர்’ அந்த நொடியிலிருந்து பொட்டலத்துக்கு வழி சொல்லப் போவதில்லை. வழி சொல்லப்போவது அந்த எண்.

பின்கோடு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று, விடுதலையின் வெள்ளி விழா நாளில். அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்தவர், சமஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதியவர். நாட்டில் ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தன. முகவரியைப் பல மொழிகளில், பல எழுத்துகளில் எழுதினார்கள். கடிதம் பிரிப்பவருக்கு எந்த ஊர் என்று புரிவதற்குள் பொழுது போய்விடும். மொழி தெரியாதவரும் படிக்கக்கூடியதாக எண் ஒன்றுதான் இருந்தது. முதல் எண் நாட்டின் மண்டலத்தைச் சொல்லும். 1 என்றால் தில்லி, பஞ்சாப், அரியானா, இமாச்சலம், காஷ்மீர்ப் பக்கம். 2 என்றால் உத்தரப் பிரதேசமும் உத்தராகண்டும். 5 ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகம். 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. 9-ஐ ராணுவத்துக்கு ஒதுக்கினார்கள். முதல் மூன்று எண்களும் சேர்ந்து கடிதம் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்றும் அஞ்சலகத்தைக் காட்டும்.

தர்மபுரித் தலைமை அஞ்சலகத்தின் எண் 636701. அதில் 636 சேலத்துக்கு உரியது. சேலம் நகரத்தின் தலைமை அஞ்சலகம் 636001. மாவட்டம் பிரிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு எண் வந்தபோதும், அஞ்சல்காரர்களின் கணக்கில் தர்மபுரி சேலத்தோடுதான் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாவட்ட எல்லைகள் மாறும்போதெல்லாம் எண்ணையும் மாற்றிக்கொண்டிருந்தால் கடிதம் ஊர் போய்ச் சேராது. இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அருகிலுள்ள ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் எண்ணின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டம் தர்மபுரிக்கு வடகிழக்கே, ஏலகிரி, ஜவ்வாது மலைகளோடு இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் உண்டு. மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் கம்பெனியார் தூக்கிலிட்ட ஊர் அது. இரண்டும் தமிழ்நாட்டில், இரண்டும் தாலுகா தலைநகரம். அஞ்சலிலோ முதல் இரண்டு எண்கள்கூட ஒன்றுதான். வடக்கே உள்ளது 635601, தெற்கே உள்ளது 630211. மூன்றாவது இடத்தில் இருக்கும் 5-ம் 0-ம்தான் ஒரு கடிதத்தை 300 கிலோமீட்டர் தள்ளி விழாமல் காக்கின்றன. சேலத்து ஆத்தூருக்கும் திண்டுக்கல் ஆத்தூருக்கும் இதே கதை. பேருந்து நிலையத்தில் ‘திருப்பத்தூர்’ என்ற பலகையைப் பார்த்ததும் ஓடிப்போய் ஏறுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. நடத்துநர் குரல் கொடுத்து ஊர் வழியைச் சொன்னால்தான் உண்டு.

பொட்டலம் சேலம் வந்து, அங்கிருந்து வடக்கே கிளம்பியது. அது தில்லிப் பக்கம் போய்ச் சேருவதற்குள் இரண்டு ஹமீர்பூர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

இந்தியாவில் ஒரே பெயருள்ள ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஒரே பெயருள்ள மாவட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹமீர்பூர் அவற்றில் ஒன்று. இமாச்சலத்து ஹமீர்பூர் சிவாலிக் குன்றுகளில் இருக்கிறது. காங்ரா மாவட்டத்திலிருந்து 1972 செப்டம்பரில், அதாவது பின்கோடு பிறந்த சில வாரங்களில், பிரிந்த மாவட்டம். கடோச் வம்சத்து ராஜா ஹமீர் சந்தின் பெயரைத் தாங்கியது. பரப்பு 1,118 சதுர கிலோமீட்டர், அந்த மாநிலத்தின் மிகச் சிறிய மாவட்டம். உத்தரப் பிரதேசத்து ஹமீர்பூர் புந்தேல்கண்டில், யமுனைக்கும் பேத்வாவுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே ஊர்ப் பெயருக்குக் காரணமாகச் சொல்லும் ஹமீர் தேவ் வேறொரு அரசர், பல நூற்றாண்டுகள் முந்தியவர். பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் பார்த்தாலே 700 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்தால் வேறுபாடு கண்ணில் அறைகிறது. இமாச்சலத்து ஹமீர்பூரில் 4,54,768 பேர், எழுத்தறிவு 88 விழுக்காடு. ஆயிரம் ஆண்களுக்கு 1,095 பெண்கள். உத்தரப் பிரதேசத்து ஹமீர்பூரில் 11 லட்சத்துக்குச் சற்று மேல். எழுத்தறிவு 69 விழுக்காட்டை ஒட்டி. ஆயிரம் ஆண்களுக்கு 861 பெண்கள். முதல் ஹமீர்பூரில் பெண்கள் கூடுதலாகத் தெரிவதற்கு ஆண்கள் ராணுவத்துக்கும் வெளியூர் வேலைக்கும் போய்விடுவது ஒரு காரணம் என்று தோழி சொல்வாள். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லையில் இருக்கிறார்களாம். இரண்டாவது ஹமீர்பூரின் 861 அப்படி ஆறுதலாக விளக்கிவிடக் கூடியதல்ல. தர்மபுரிக்காரர்களுக்கு அந்த எண் சொல்வது நன்றாகப் புரியும். பெண் சிசுக்கொலை நடந்த மாவட்டம் என்று நம் மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் பேசப்பட்ட காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில் தொடங்கியது. பிறகு அது தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் வந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் எந்த ஒற்றுமையும் வந்துவிடாது. பெயர் வேறாக இருந்தும் வலி ஒன்றாக இருக்கலாம். மாவட்டங்களை ஒப்பிட உட்கார்ந்தால் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பிலாஸ்பூரும் இப்படித்தான். இமாச்சலத்தில் ஒன்று, சத்தீஸ்கரில் ஒன்று. இமாச்சலத்துப் பிலாஸ்பூர் கலூர் சமஸ்தானத்தின் தலைநகரம். பக்ரா அணை எழுந்தபோது கோவிந்த சாகர் நீர் ஏறி, கோயில்களோடும் அரண்மனையோடும் பழைய நகரத்தை விழுங்கியது. மேட்டில் புதிய நகரத்தைக் கட்டிக்கொண்டு மக்கள் குடியேறினார்கள். வெயில் காலத்தில் நீர் வடிந்தால் பழைய கோயில்களின் கோபுரங்கள் இன்றும் சேற்றிலிருந்து வெளியே தெரிகின்றன. மேட்டூர் அணை நீர் குறையும்போது நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைப் பார்த்திருக்கும் நம் பக்கத்து மக்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அர்ப்பா நதிக்கரையில் வளர்ந்தது. பிலாசா என்ற மீனவப் பெண்ணின் பெயரால் ஊர் அமைந்ததாக மரபு. மாநிலத்தின் உயர் நீதிமன்றமும் தென்கிழக்கு மத்திய ரயில்வேயின் தலைமையிடமும் அங்கேதான். ஒரு ஊர் அரசரின் தலைநகரமாக இருந்து நீரில் போனது. இன்னொன்று மீனவப் பெண்ணின் பெயரில் நிமிர்ந்து நிற்கிறது. எனக்கு இரண்டாவது பெயர்க்கதை மேல் கூடுதல் பிரியம்.

பிரதாப்கர் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் இருக்கிறது. முன்னது நெல்லிக்காய்க்குப் பேர்போனது. பின்னது 2008-ல் உருவான மாவட்டம், கண்ணாடி மேல் தங்கத் தகடு பதிக்கும் தேவா வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. பல்ராம்பூர் உத்தரப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும். சில ஜோடிகள் நம் கண்ணெதிரே பிரிந்துவிட்டன. கர்நாடகத்துப் பிஜாப்பூர் 2014-ல் விஜயபுரா ஆனது, சத்தீஸ்கர் பிஜாப்பூர் மட்டும் அந்தப் பெயரோடு மிஞ்சியது. மகாராஷ்டிரத்து அவுரங்காபாத் 2023-ல் சத்ரபதி சம்பாஜி நகர் ஆனது, பீகாரின் அவுரங்காபாத் அப்படியே இருக்கிறது. குழப்பம் தீர வேண்டும் என்று யாரும் இந்தப் பெயர்களை மாற்றவில்லை. மொழி உணர்வும் அரசியலும் மாற்றின. குழப்பம் தீர்ந்தது உடன் விளைவு.

இதைச் சொல்லும்போது அமெரிக்கா நினைவுக்கு வருகிறது. நம் மாவட்டத்தை ஒத்த பிரிவு அங்கே கவுண்டி. நாடு முழுக்க 3,000-க்கு மேல் இருக்கின்றன. வாஷிங்டன் என்ற பெயரில் மட்டும் 30 மாநிலங்களில் கவுண்டிகள். ஜெபர்சன், பிராங்க்ளின், ஜாக்சன், லிங்கன் என்று அடுத்தடுத்து வரும் பெயர்களும் ஒவ்வொன்றும் 20-க்கு மேல் இருக்கும். மேரிலாந்தின் வாஷிங்டன் கவுண்டி 1776-லேயே அந்தப் பெயரை ஏற்றது. அப்போது ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவர் ஆகவில்லை, போர்க்களத்தில் இருந்தார். மேற்கே குடியேறப் போனவர்கள் புதிய நிலத்துக்கு எல்லை வகுக்கும்போதெல்லாம் விடுதலைப் போரின் தலைவர்களை அழைத்துப் பெயர் வைத்தார்கள். அந்த நிலங்களில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகள் வைத்திருந்த பெயர்களில் பல அந்த அவசரத்தில் அழிந்துபோயின. ஒரே மாநிலத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு கவுண்டிகள் இருப்பதில்லை என்பது மட்டும் காப்பு. மற்றபடி அங்கேயும் எண்தான் கைகொடுக்கிறது. மாநிலத்துக்கு இரண்டு இலக்கம், கவுண்டிக்கு மூன்று இலக்கம், ஆக ஐந்து இலக்க எண் ஒவ்வொரு கவுண்டிக்கும் உண்டு. நியூ ஜெர்சியில் சேலம் என்றே ஒரு கவுண்டி இருக்கிறது. மாசசூசெட்ஸில் சூனியக்காரிகள் என்று சொல்லி 1692-ல் மனிதர்களைத் தூக்கிலிட்ட சேலம், ஓரிகானின் தலைநகரமான சேலம் இவை தனி.

அமெரிக்கக் கதையில் என்னை மிகவும் ஈர்த்தது வாஷிங்டன் மாநிலத்து கிங் கவுண்டி. சியாட்டில் நகரம் இருக்கும் கவுண்டி அது. 1852-ல் வில்லியம் ரூபஸ் கிங் என்ற அரசியல்வாதியின் பெயரை வைத்தார்கள். துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்வானவர், அடிமைகளை வைத்திருந்தவர். 1986-ல் கவுண்டி மன்றம் கூடி, இனி இந்தக் ‘கிங்’ மார்ட்டின் லூதர் கிங்கையே குறிக்கும் என்று தீர்மானம் போட்டது. 2005-ல் மாநிலச் சட்டமும் அதை ஏற்றது. பலகையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெயரின் சொந்தக்காரர் மாறினார்.

தமிழ்நாடும் தலைவர்களின் பெயரில் மாவட்டங்களை வைத்துப் பார்த்த மாநிலம்தான். பெரியார் மாவட்டம், அண்ணா மாவட்டம், காமராஜர் மாவட்டம், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று எழுதிய காலத்து உறைகள் பல வீட்டுப் பரண்களில் இருக்கும். பெயர்களைச் சுற்றிச் சாதி மோதல் வெடித்த பிறகு, 1997-ல் கலைஞர் அரசு தலைவர்கள் பெயர் அனைத்தையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்தது. ஊர்ப் பெயரே மாவட்டப் பெயர் என்று ஆனது. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஊரின் பெயரில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

பொட்டலம் இதற்குள் தில்லியைத் தாண்டியிருந்தது. 1-இல் தொடங்கும் எண் அதை வடக்கே தள்ளியது. 210301 என்று 2-இல் தொடங்கியிருந்தால் கிழக்கே திரும்பி யமுனைக் கரைக்குப் போயிருக்கும். இத்தனைக்கும் அந்த உறையைத் தில்லியில் கையில் எடுத்தவருக்கு வத்தல்மலை எங்கே என்று தெரிய வேண்டியதில்லை, ஹமீர்பூர் எத்தனை என்றும் தெரிய வேண்டியதில்லை.

பொட்டலம் சேர்ந்த அன்று மாலை தோழி கூப்பிட்டாள். மிளகு ஒன்றை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே பேசினாள். உறைக்குள் நான் வைத்திருந்த சீட்டில் ‘மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் தோட்டத்தில் விளைந்தது’ என்று எழுதியிருந்தேன். “ஏன்டி, தர்மபுரி மிளகுன்ன. மலையாளின்னா கேரளாதானே?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் வியப்பில்லை. தர்மபுரி நகரத்திலேயே பலர் அப்படிக் கேட்பார்கள். வத்தல்மலையில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசுகிறவர்கள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி மலைகளில் இருப்பவர்களும் இவர்களே. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் பூர்வ கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் அது இருக்கிறது. 2011 கணக்கில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மலையாளிகள் 3,57,980 பேர். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி இவர்கள். இருந்தும் பெயரைச் சொன்னதும் நாம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

பொட்டலத்துக்கு எண் செய்த வேலையை, மனிதர்களுக்கு மாவட்டத்தின் பெயர் செய்கிறது. அட்டவணைப் பழங்குடிகள் பட்டியலில் தமிழ்நாட்டுப் பகுதியில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களையும் எழுதியிருக்கிறார்கள்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. நீலகிரி மாவட்டத்தில் குறும்பர் என்று இன்னொரு வரியும் அதே பட்டியலில் இருக்கிறது. ஒரே பெயரில் வேறு மக்களும் இருக்கும்போது, யாரைச் சொல்கிறோம் என்று காட்ட அடைப்புக்குறிக்குள் ஓர் இடப்பெயர் தேவைப்படுகிறது. அதில் நியாயம் உண்டு. வத்தல்மலைக்காரர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் உறுதி. தர்மபுரி அதில் இருக்கிறது. பிறகு தனி மாவட்டங்களான கிருஷ்ணகிரி, நாமக்கல், திருப்பத்தூர் ஆகியவற்றின் மலையாளிகளுக்கும் பழைய மாவட்டங்களின் வழியாக உரிமை தொடர்கிறது.

ஈரோடு அந்த வரியில் இல்லை. ஈரோடு 1979-ல் கோயம்புத்தூரிலிருந்து பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது. தாய் மாவட்டமான கோயம்புத்தூரும் பட்டியலில் இல்லை. அந்தியூர் தாலுகாவில் உள்ள பர்கூர் மலையில் மலையாளிகள் வாழ்கிறார்கள். காவிரிக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்ட மலைகளில் இருப்பவர்களோடு கொள்வினை கொடுப்பினை உள்ள மக்கள். அக்கா சேலம் மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டால் அவள் பிள்ளைகள் பழங்குடி. தங்கை பர்கூரில் இருந்தால் அவள் பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. கல்லூரி இடம், விடுதி, உதவித்தொகை, வேலை எல்லாம் அதோடு போய்விடும். வன உரிமைச் சட்டத்திலும் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கேயே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். வத்தல்மலையில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் வழி பர்கூரில் அதே குலத்துப் பிள்ளைக்கு அடைபட்டிருக்கிறது. காரணம் அவர்கள் வீட்டுக்கு மேலே எழுதப்பட்டிருக்கும் மாவட்டத்தின் பெயர்.

இதைத் தோழியிடம் சொல்லச் சொல்ல அவள் கேள்விகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இமாச்சலத்தில் சிர்மௌர் மாவட்டத்து ஹாட்டி மக்களின் கதை அவளுக்குத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் உத்தராகண்டின் ஜௌன்சார் பாவரில் உறவினர்கள் பழங்குடிகள், இந்தப் பக்கம் இவர்கள் இல்லை என்று பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2023-ல் நாடாளுமன்றம் அவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சட்டம் நிறைவேற்றியது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது தனிக்கதை. ஆனாலும் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒரே மக்கள் இருக்கிறார்கள் என்று நாடாளுமன்றம் அங்கே ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பட்டியலிலும் மாற்றம் வராமல் இல்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைச் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில் மக்களவையும் மாநிலங்களவையும் நிறைவேற்றின. அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவின்படி பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. பர்கூர் மலையாளிகள் கேட்பது புதிய பெயரை அல்ல. ஏற்கெனவே இருக்கும் ஆறு மாவட்டங்களோடு ஈரோட்டையும் எழுதுங்கள் என்கிறார்கள். மாநில அரசு இதை விடாமல் வலியுறுத்த வேண்டும். மத்திய அரசு காலம் தாழ்த்தாமல் எழுதித் தர வேண்டும். பர்கூரில் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் தேர்வு முடிவு வந்ததுமே கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியாக வேண்டும்.